எழுதாத கலியாணத்தை முடிக்கும்போது மகளுக்கு எதை எழுதி வைப்பது?

திருக்கோவில் பக்கத்தில் இருந்து இருபத்தெட்டு வயதுத் தங்கச்சி ஒருவர் எழுதியிருக்கிறார். நீளமான கடிதம். பெயரையும் அடையாளத்தையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

"அக்கா, மட்டக்களப்பு டவுனில் புடவைக்கடையில் வேலைக்கு நின்றபோது பழகி, இரண்டு வீட்டிலும் சம்மதம் இல்லாமல் சேர்ந்து வாழத் தொடங்கினோம். ஆறு வருடம் ஆகிறது. கலியாணம் எழுதவில்லை, பதிவு செய்யவில்லை. பிறகு எழுதுவோம், பிறகு எழுதுவோம் என்றே காலம் போய்விட்டது. மாமாங்கம் கோயிலில் வைத்து ஒரு மஞ்சள் கயிறு கட்டினார், ஐயர் இல்லை, அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேர்தான் நின்றார்கள். மகளுக்கு வயது மூன்றரை. அவர் மேசன். அடிக்கிற மனுசன் இல்லை. ஆனால் இரண்டு வருடமாக எங்களுக்குள் பேச்சு இல்லை, பேசினால் சண்டை, மகள் காதைப் பொத்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறாள். பிரிந்துவிடுவோம் என்றேன். 'எழுத்தே இல்ல, இதில என்ன பிரியிற? கோட்டுக்குப் போனாலும் உனக்கு ஒண்டும் கிடையாது, புள்ளயச் செங்கலடியில எங்கட அம்மாட்டக் கொண்டுபோய் விட்டிருவன்' என்கிறார். இருக்கிற வீடு என் அம்மாவின் காணியில், கட்டியது அவர். மோட்டார் சைக்கிள் லீசிங்கும் குழுக்கடனும் என் பெயரில். பிறப்புப் பத்திரத்தில் அவர் பெயர் இருக்கிறது, ஆனால் பெற்றோர் விவாகம் செய்தவர்களா என்ற இடத்தில் 'இல்லை' என்று இருக்கிறது, நேர்சரியில் கொடுக்கவே வெட்கமாக இருந்தது. மகள் அவருடைய சாரனைக் கட்டிப்பிடித்துத்தான் நித்திரை கொள்வாள். அதை நினைத்தால்தான் நெஞ்சு அடைக்கிறது. நான் என்ன செய்ய?"

தங்கச்சி, நீங்கள் வெட்கப்படும் அந்தப் பத்திரத்தில் இருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் கையில் இருக்கிற காகிதங்களிலேயே பெறுமதியானது அதுதான். கலியாணம் எழுதாத பெற்றோருக்குப் பிள்ளை பிறந்தால் அம்மா மட்டும் போய் அப்பாவின் பெயரைப் பதிய முடியாது, இரண்டு பேரும் சேர்ந்து கேட்டுக் கையொப்பம் வைத்தால்தான் பதிவாளர் அந்தப் பெயரை எழுதுவார். அப்படியென்றால் அவர் அன்றைக்கு வந்திருக்கிறார், இது என் பிள்ளை என்று கையொப்பம் வைத்திருக்கிறார். இப்போது "உனக்கு ஒண்டும் கிடையாது" என்று சொல்கிற அதே மனுசன். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தில், அதாவது செலவுக்குப் பணம் கேட்கிற சட்டத்தில், கலியாணத்துக்குள் பிறந்த பிள்ளை, வெளியில் பிறந்த பிள்ளை என்ற வித்தியாசம் பணத்தில் இல்லை. கலியாணத்துக்கு வெளியில் பிறந்த பிள்ளை என்றால் தந்தை இன்னார்தான் என்பதை நீதவான் நம்பும்படி திடமாகக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். பலர் இதைக் காட்ட முடியாமல்தான் வருடக்கணக்கில் அலைகிறார்கள். உங்களிடம் அது கையொப்பத்தோடு இருக்கிறது. நாலு பிரதி எடுத்து ஒன்றை அம்மாவிடம் கொடுத்து வையுங்கள், மூலப்பிரதி வீட்டில் அலுமாரிக்குள் இருக்க வேண்டாம்.

"உனக்கு ஒண்டும் கிடையாது" என்று அவர் சொன்னதில் பாதி உண்மையும் இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தாபரிப்புச் சட்டத்தில் துணைக்குப் பணம் என்பது சட்டப்படியான கணவன் மனைவிக்குத்தான். சேர்ந்து வாழ்ந்தவருக்கு, அது ஆறு வருடமானாலும் சரி பதினாறு வருடமானாலும் சரி, தனக்கென்று கேட்கும் உரிமை இல்லை. மகளுக்கு உண்டு. பதினெட்டு வயது வரை உண்டு, படிப்போ வேறு காரணமோ இருந்து தன்னைத் தானே பார்க்க முடியாத நிலை என்றால் இருபத்தைந்து வரைக்கும் கேட்கலாம். மகளுடைய காசை நீங்களே விட்டுக்கொடுக்கவும் முடியாது. "பிள்ளையை எனக்கு விட்டால் போதும், ஒரு சதமும் கேட்க மாட்டேன்" என்று கோபத்தில் எழுதிக் கொடுக்கிற பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படி எதிலும் கையொப்பம் வைக்காதீர்கள்.

அந்த மஞ்சள் கயிற்றுக்கு வருவோம், இதில்தான் கொஞ்சம் நிதானம் தேவை. எங்கள் சட்டத்தில் தமிழ்ச் சனத்தின் வழக்கப்படி சடங்கு செய்து நடந்த கலியாணம், எழுதாவிட்டாலும் செல்லும். அதோடு 1881இலேயே, இலங்கையில் இருந்து போன ஒரு தமிழ்க் குடும்பத்து வழக்கில், கணவன் மனைவியாக ஊரறிய வாழ்ந்தவர்களைக் கலியாணம் முடித்தவர்கள் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும், அப்படி இல்லை என்று தெளிவாக நிரூபிக்கும் வரைக்கும், என்று அந்தக் காலத்தில் எங்கள் மேன்முறையீடுகளைக் கடைசியாகக் கேட்ட லண்டன் பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. அந்தக் கொள்கை இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் கதையில் ஐயரும் இல்லை, இரண்டு பக்கத்து உறவும் இல்லை, பிறப்புப் பத்திரத்தில் நீங்கள் இரண்டு பேருமே 'இல்லை' என்று சொல்லியிருக்கிறீர்கள். ஆகவே இது கலியாணம் இல்லை என்ற பக்கம்தான் கனமாக இருக்கிறது. ஆனால் சாட்சிகள் இரண்டு பேர் உயிரோடு இருக்கிறார்கள், ஜீ.எஸ். (கிராம சேவகர்) பதிவிலும் வாக்காளர் இடாப்பிலும் நீங்கள் எப்படி எழுதப்பட்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது.

இது ஏன் முக்கியம் என்றால், கலியாணம் என்று ஆகிவிட்டால் உங்களுக்கும் தாபரிப்புக் கேட்கலாம், ஆனால் பிரிவதற்கு மாவட்ட நீதிமன்றத்தில் விவாகரத்து எடுக்க வேண்டும், அது இல்லாமல் வேறொருவரை முடித்தால் குற்றமாகவும் ஆகலாம், பிள்ளையின் மேல் அப்பாவுடைய உரிமையும் பலமாகிவிடும். கலியாணம் இல்லையென்றால் பிரிய எந்த நீதிமன்றமும் தேவையில்லை, பிள்ளை விஷயத்தில் உங்கள் கை உயர்ந்திருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் பிடிக்க முடியாது. பொலிஸில் முறைப்பாடு எழுதும்போது 'கணவர்' என்று ஓரிடத்தில், 'கலியாணம் ஆகவில்லை' என்று இன்னோரிடத்தில் என்று மாறி மாறிச் சொல்லிவிட்டு வந்து நிற்கிறவர்களின் வழக்கு அதிலேயே சிக்கிக்கொள்கிறது. நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், சேர்ந்து வாழ்ந்தோம், எழுதவில்லை, கயிறு கட்டினார். பேர் வைப்பதை சட்டத்தரணி பார்த்துக்கொள்ளட்டும். (இது தமிழ் வழக்கத்தில் வாழ்கிறவர்களுக்குச் சொல்வது. முஸ்லிம் விவாகங்களுக்கு வேறு சட்டம், காதி நீதிமன்றம்.)

சரி, செங்கலடி மிரட்டல். கலியாணம் எழுதாத பெற்றோரின் பிள்ளைக்கு இயற்கைப் பாதுகாவலர் தாய்தான், இது எங்கள் பொதுச் சட்டத்தில் நெடுங்காலமாக இருக்கிற நிலை. கலியாணமே இல்லை என்று அவர் அடித்துச் சொன்னால், பிள்ளையைக் கொண்டுபோகும் உரிமையையும் அதே வாயால் விட்டுக்கொடுக்கிறார். யாராவது பெரியவர் இருந்தால் இதை அவருக்கு அமைதியாக எடுத்துச் சொல்லட்டும். மீறிக் கொண்டுபோய்த் திருப்பித் தராவிட்டால் பொலிஸில் சிறுவர் பெண்கள் பிரிவுக்குப் போங்கள், அங்கே முடியாவிட்டால் மாகாண மேல் நீதிமன்றத்தில் பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி ஆட்கொணர்வு மனு போடலாம், மட்டக்களப்பிலும் கல்முனையிலும் மேல் நீதிமன்றம் இருக்கிறது, இதற்காகக் கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை. ஆனால் எந்த நீதிமன்றமும் கடைசியில் பார்ப்பது பிள்ளைக்கு எது நல்லது என்பதைத்தான். நீங்கள் தாய் என்பதற்காக அப்பாவை வாசலிலேயே நிற்க விடாமல் துரத்தினால், அதை நீதிபதி உங்களுக்கு எதிராகவும் பார்ப்பார். அவர் மகளைப் பார்க்க வர வேண்டும். நீங்கள் அதை விரும்பித்தான் ஆக வேண்டும், அவருக்காக இல்லை என்றாலும் மகளுக்காக.

மூன்றரை வயதுப் பிள்ளைக்கு மாதத்தில் ஒருமுறை இரண்டு நாள் செங்கலடி என்பது சரிவராது. பஸ்ஸில் அரை நாள் பயணம், போய் இறங்கினால் பழக்கமில்லாத வீடு, இரவில் அம்மா இல்லை. அந்த வயதில் பத்து நாள் காணாவிட்டால் அது பிள்ளைக்கு ஒரு யுகம். கிழமைக்கு ஒருமுறையாவது, மூன்று நாலு மணித்தியாலம், அவர் இங்கே வரட்டும். உங்கள் வீட்டுக்குள் வருவது சங்கடமென்றால் உங்கள் மாமா வீட்டு முற்றம் இருக்கிறது, திருக்கோவில் கடற்கரை இருக்கிறது. இடையில் வீடியோ கோல். அவருடைய அம்மா, மகளுக்கு அவரும் ஒரு பெத்தம்மாதானே, அவரையும் கூட்டிக்கொண்டு வரட்டும். மகளுக்கு ஆறு ஏழு வயதானதும் செங்கலடியில் ஒரு இரவு தங்குவதைப் பற்றிப் பேசலாம்.

மகளிடம் என்ன சொல்வது என்று கேட்கவில்லை நீங்கள், ஆனால் அதைத்தான் நான் அதிகம் சொல்ல நினைக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்கிற பொய் ஒன்று இருக்கிறது, "அப்பா வெளிநாடு போயிட்டார்." பாதி வீட்டு அப்பாமார் கட்டாரிலும் சவூதியிலும் இருப்பதால் பிள்ளையும் உடனே நம்பிவிடும், ஊருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. என்னிடம் வந்த ஒரு தாய் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார், பையனுக்கு நாலு வயது. ஒருநாள் களுவாஞ்சிகுடிச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது அந்தப் பையன் தாயின் கையை உதறிவிட்டு ஓடிப்போய் ஒரு மனுசனின் காலைக் கட்டிக்கொண்டான். அப்பாதான். அவர் பக்கத்து ஊரில்தான் ஏழு மாதமாக இருந்தார். "எப்ப வந்தீங்க, எனக்கு என்ன கொண்டு வந்தீங்க" என்று கேட்டானாம். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை கனகாலம் தாய் சொன்ன எதையும் நம்பவில்லை, கிணற்றடிக்குப் போய்விட்டு வருகிறேன் என்றாலும் பின்னால் ஓடி வந்தான். அந்தத் தாய் இதை என் மேசைக்கு முன்னால் இருந்து அழுதுகொண்டு சொன்னதை இன்னும் மறக்க முடியவில்லை.

ஆகவே உண்மையை, அவள் அளவுக்குச் சின்னதாக வெட்டிக் கொடுங்கள். முடிந்தால் இரண்டு பேரும் பக்கத்தில் இருந்து, பகலில், அவர் போவதற்கு இரண்டு மூன்று நாளுக்கு முன்பு. "அப்பா இனி வேற வீட்டில இருப்பார். நீ அம்மாவோட இருப்பாய். அப்பா ஞாயிற்றுக்கிழமை வருவார். நீ ஒண்டும் பிழை செய்யல்ல." கடைசி வசனத்தை விட்டுவிடாதீர்கள். இந்த வயதில் பிள்ளைகள் நடப்பதெல்லாம் தங்களால்தான் என்று நினைக்கும், பாலைக் கொட்டினேன், அதனால் அப்பா போய்விட்டார் என்று. அவள் தலையாட்டிவிட்டு விளையாடப் போய்விடுவாள். மறுகா அடுத்தநாள் காலையில் முதல்முறை கேட்பது போல "அப்பா எங்க?" என்பாள். அதே பதிலை அதே சொற்களில் சொல்லுங்கள், ஐம்பது முறை கேட்டாலும். படுக்கையில் மூத்திரம் போகலாம், நேர்சரி வாசலில் உங்கள் சட்டையை விடாமல் அழலாம், விட்டிருந்த விரல் சூப்பலைத் திரும்பத் தொடங்கலாம். அதற்கு அடிக்கவும் வேண்டாம், "அப்பா இல்லாத பிள்ளை" என்று யாரும் அவள் காதுபடப் பேச விடவும் வேண்டாம். நேர்சரி ரீச்சரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு மேலும் அப்படியே இருந்தால் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரைப் பாருங்கள், காசு கொடுக்கத் தேவையில்லை.

காசுக்கு வருவோம். அவர் மேசன், சம்பளச் சீட்டு இல்லை. நாள்கூலி எவ்வளவு, மாதத்தில் எத்தனை நாள் வேலை என்பதை இப்போதே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், பாஸ் அவருக்கு அனுப்புகிற வேலைக் கணக்கு, மேசேஜ் ஏதும் உங்கள் போனில் இருந்தால் அழிக்காதீர்கள். தாபரிப்புக்கு இவ்வளவு என்று கட்டணப் பட்டியல் கிடையாது, பிள்ளையின் தேவை, அவருடைய வருமானம், உங்கள் வருமானம், இதை வைத்துத்தான் நீதவான் முடிவெடுப்பார். இங்கே என் அபிப்பிராயம் ஒன்று. கார்த்திகை தொடங்கித் தை வரைக்கும் மாரி, கட்டட வேலை அப்படியே நின்றுபோகும், அது உங்களுக்கே தெரியும். வெயில் காலத்து வருமானத்தை வைத்துப் பெரிய தொகை கேட்டு வாங்கினால் மார்கழியில் நிலுவை விழும், நிலுவை விழுந்தால் பிடியாணை, சிறை என்று போகும், போகிறவர் வருவதை நிறுத்துவார், மகள் ஞாயிற்றுக்கிழமை வாசலில் இருப்பாள். வருடம் முழுக்கக் கட்டக்கூடிய தொகையாகக் கேளுங்கள், நேர்சரிக் காசு, மருந்து, தைப்பொங்கல் சித்திரைப் புதுவருட உடுப்பு என்பதைத் தனியாகப் பாதி பாதி என்று எழுதிக்கொள்ளுங்கள். அவருக்கு வருமானம் கூடினால் தொகையைக் கூட்டச் சொல்லி மறுபடியும் கேட்கலாம்.

இதைப் பொலிஸில் எழுதி முடித்துவிடாதீர்கள். பொலிஸ் புத்தகத்தில் இரண்டு பேரும் கையொப்பம் வைத்ததை நீதிமன்றக் கட்டளை என்று நினைத்துக்கொண்டு ஒரு வருடம் கழித்து வருகிறவர்கள் அதிகம். நீங்கள் இருக்கிற இடத்துக்குரிய நீதவான் நீதிமன்றத்தில் மனுப் போட்டு, அவரும் சம்மதித்தால் சம்மதமாகவே கட்டளை எடுங்கள். சண்டை பிடித்துத்தான் நீதிமன்றம் போக வேண்டுமென்றில்லை. சட்டத்தரணிக்குக் கட்ட வசதி இல்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அலுவலகம் உண்டு.

வீடு. தேசவழமை என்கிற யாழ்ப்பாணத்துச் சொத்துச் சட்டம் எங்கள் கிழக்குத் தமிழருக்குப் பொருந்தாது, யாராவது யாழ்ப்பாணத்துக் கணக்குச் சொன்னால் காதில் போடாதீர்கள். காணி அம்மாவின் பெயரில் என்றால் அதன் மேல் நிற்கிற வீடும் காணியோடுதான் போகும். மட்டக்களப்பு வழமையிலும் வீடு பெண்பிள்ளைக்கு, ஆம்பிளை வந்து குடியிருக்கிறவர். ஆனால் அந்தச் சுவரை எழுப்பியது அவருடைய கை. சீமெந்துக்கும் தகரத்துக்கும் போட்ட காசை அவர் கேட்டு வழக்குப் போட இடமிருக்கிறது, அதைவிட, கேட்பதில் நியாயமும் இருக்கிறது. இதை மகளை வைத்துத் தீர்க்கலாம் என்று நினைக்கிறேன். கலியாணத்துக்கு வெளியில் பிறந்த பிள்ளைக்கு அப்பாவின் சொத்தில் தானாகப் பங்கு வராது, தாயின் சொத்தில் மட்டும்தான் வரும். பிறப்புப் பத்திரத்தில் இருக்கிற அந்த 'இல்லை' மகளுக்கு எதிராக வேலை செய்கிற இடம் இதுதான். ஆகவே அம்மா சம்மதித்தால், காணியை மகளின் பெயருக்கு நன்கொடை உறுதியாக, உங்களுக்கும் அம்மாவுக்கும் சீவிய உரித்து (உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை) வைத்து, நொத்தாரிசிடம் எழுதலாம். அவர் போட்ட காசும் உழைப்பும் தன் மகளுக்குத்தான் போகிறது என்று கண்ணால் கண்டால் இறங்கி வருகிற அப்பாமாரைப் பார்த்திருக்கிறேன். ஆனால் உறுதி இருக்கிறதா, இல்லை அரச காணி பேமிற்றா (அனுமதிப்பத்திரமா) என்று முதலில் பாருங்கள். பேமிற் என்றால் நினைத்தபடி எழுத முடியாது, பிரதேச செயலகத்தில் காணி உத்தியோகத்தரைத்தான் கேட்க வேண்டும்.

லீசிங்கும் குழுக்கடனும் அவர் போவதற்கு முன்பே பேசி முடிக்க வேண்டியவை. சைக்கிளில் ஓடுகிறவர் அவர், தவணை தவறினால் தேடி வருவது உங்களை. கம்பனிக்கு இரண்டு பேருமாகப் போய் அவர் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள், மாற்ற மாட்டோம் என்றால் சைக்கிள் உங்களிடம் நிற்கட்டும். குழுக்கடனில் நீங்கள் கட்டாவிட்டால் கூட இருக்கிற பெண்களின் தலையில் விழும், அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடனை அடைக்க உடனே குவைத்துக்குப் போகலாம் என்று யாராவது முகவர் வந்து கதைப்பார், வருவார்கள், மணம் பிடித்துக்கொண்டு வருவார்கள். அப்பா வீட்டை விட்டுப் போன அதே வருடத்தில் அம்மாவும் போவதை மூன்றரை வயதால் தாங்க முடியாது. வேறு வழி தேடுவோம்.

அடிக்கிறவர் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன். இருந்தும் பிரிவு உறுதி என்று தெரிகிற நாட்களில் அடிக்காதவரின் கையும் ஓங்கியதைக் கண்டிருக்கிறேன். அப்படி ஏதும் நடந்தால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் கலியாணம் எழுதாமல் சேர்ந்து வாழ்ந்தவருக்கும் பொருந்தும். நீதவான் உடனடியாக 14 நாளுக்கு இடைக்காலக் கட்டளை தரலாம், பிறகு 12 மாதம் வரைக்கும் பாதுகாப்புக் கட்டளை எடுக்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பிள்ளைக்கு ஆபத்தென்றால் 1929. போனில் வேறு பெயரில் சேமித்து வையுங்கள்.

இரவில் பையைத் தூக்கிக்கொண்டு ஒருவரும் போக வேண்டாம். பகலில், மகள் முழித்திருக்கும்போது, அவளுக்குக் கைகாட்டிவிட்டுத்தான் அவர் போக வேண்டும். காலையில் எழும்பிப் பார்க்க ஆளைக் காணவில்லை என்றால் அதற்குப் பிறகு நித்திரைக்கே பயப்படுவாள்.

அந்தச் சாரனை அவளிடமே விட்டுவிடச் சொல்லுங்கள். அவர் கேட்க மாட்டார், கேட்டாலும் கொடுக்காதீர்கள். அழுக்கென்று உடனே தோய்க்கவும் வேண்டாம், அதில் இருக்கிற சீமெந்து வாசம்தான் அவளுக்குத் தேவை. வாசம் போனதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்னொரு பழைய சாரனைக் கொண்டுவரச் சொல்லுங்கள், அவர் கையாலேயே அவளிடம் கொடுக்கட்டும்.